அட்வான்ஸுக்குக் கட்டுப்பட்டவர் நோயாளியாக வரும்போது: மருத்துவமனை ஊழியர்களுக்கு ஒரு கையேடு

செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ அட்வான்ஸுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிற குடும்பம் வெளி ஆட்களைப் பார்ப்பதே அபூர்வம். சந்தைக்குக்கூட ஒருவர்தான் போகலாம், அவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் கை மெஷினில் மாட்டினாலோ, பிரசவ வலி எடுத்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தாலோ, முதலாளி வேறு வழியில்லாமல் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார். அவர்களுடைய பிரச்சினை என்னவென்று கேட்கக்கூடிய ஒரு வெளி மனிதர் அந்த வருஷத்தில் அவர்கள் எதிரே உட்காருவது அந்த அரை மணி நேரம்தான். அதையும் நாம் "அட்டெண்டர் யாரு? பில்லு யார் கட்டுறீங்க?" என்று கேட்டே முடித்துவிட்டால், அவர் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடுவார்.

தமிழ்நாட்டில் 30 படுக்கை நர்சிங் ஹோமிலோ 500 படுக்கை மருத்துவமனையிலோ வேலை பார்க்கிற டாக்டர், நர்ஸ், ஆயா, பில்லிங் ஊழியர், நிர்வாகி எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

முதலில், யாரைக் கொத்தடிமை என்று சொல்வது

சங்கிலி இருக்காது, பூட்டிய கதவுகூட இருக்காது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 சொல்வது இதுதான்: ஒருவர் முன்பணம் வாங்கியிருக்கிறார், அல்லது அவருடைய அப்பா அம்மா வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமை, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை, குறைந்தபட்சக் கூலி, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அவர் இழந்திருந்தால் போதும், நாலும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அது முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், "அவங்க சம்பளம் வாங்குறாங்களே", "அவங்களா விரும்பித்தானே அட்வான்ஸ் வாங்கினாங்க" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தீர்ப்பு நம் வேலை இல்லை. சந்தேகம் நியாயமானதா என்று மட்டும் பார்த்து, விசாரிக்க வேண்டியவர்களிடம் சொல்வதுதான் நம் வேலை.

எங்கிருந்து வருவார்கள் என்றால், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைகளிலிருந்து, செங்குன்றம் சுற்றிய அரிசி ஆலைகளிலிருந்து, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர் பகுதிகளில் மரம் வெட்டிக் கரி போடும் இடங்களிலிருந்து. வட மாவட்டங்களில் மீட்கப்படுகிறவர்களில் இருளர் மக்கள் நிறையப் பேர். சூளைகளில் ஒடிசாவின் பலாங்கிர் போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் இருப்பார்கள், சீசன் முடிகிற ஜூன் வரை அவர்களுக்கு ஊர் கிடையாது. டெல்டா மாவட்டங்களில் ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க அடகு வைக்கப்பட்ட சிறுவர்கள். திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கிற பெண் பிள்ளைகள், அதாவது மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லிச் சேர்க்கப்பட்டவர்கள். நகரத்தில் என்றால் வீட்டு வேலைக்கு வைத்திருக்கிற சிறுமி, ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிற வடமாநிலத் தம்பி.

கண்ணில் படுகிறவை

ஒரு அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், மூன்று நாலு சேரும்போதுதான் உஷாராக வேண்டும்.

கேள்வியை நோயாளியிடம் கேட்டால் பதில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து வருகிறது. பெயர், வயது, வலி எங்கே என்பதுவரை அவரே சொல்கிறார். உறவு என்ன என்று கேட்டால் "நம்ம பையன்தான் சார்" என்கிறார், அம்மா பெயர் கேட்டால் தெரியவில்லை. ஆதார் கேட்டால் சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து, ஏழெட்டு ஆதார் அட்டைகளுக்கு நடுவிலிருந்து இவருடையதை உருவிக் கொடுக்கிறார். இதை ரிசப்ஷனில் இருக்கிற பெண்தான் பார்ப்பார், டாக்டர் பார்க்க மாட்டார்.

காயத்துக்கும் சொல்கிற கதைக்கும் பொருந்தாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள், உள்ளங்கால் முழுக்க நெல் உமிச் சாம்பலில் மிதித்த தீக்காயம் இருக்கும். காயம் பட்டு நாலு நாள் ஆகி, மஞ்சள் வைத்துக் கட்டி, சீழ் பிடித்த பிறகு வருவார்கள். பழைய காயங்கள் தையல் போடாமலே கூடியிருக்கும். நூற்பாலைப் பெண்ணாக இருந்தால் ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவாக இருக்கும், மாதக்கணக்காக மாதவிடாய் தப்பியிருக்கும். வயிற்று வலிக்கு சூப்பர்வைசர் கொடுத்ததாக, பெயரும் இல்லாத காலாவதித் தேதியும் இல்லாத மாத்திரையைக் காட்டுவாள். பஞ்சுத் தூசியால் வரும் இருமல் லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போகிற முதல் நாளில் கூடுகிறதா என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் அதிகம் பார்ப்பது ஆயாதான். உடை மாற்றும்போது முதுகைப் பார்ப்பவர் அவர். டிபன் கொடுத்ததும் நோயாளி பாதியைப் பொதிந்து தலையணைக்குக் கீழே வைப்பதைப் பார்ப்பவரும் அவர்தான். பயிற்சி வகுப்பு என்றால் டாக்டரையும் நர்ஸையும் மட்டும் உட்கார வைப்பது வழக்கம், ஆயாக்களும் வாசல் செக்யூரிட்டியும் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "எனக்கு ஏதோ சரியாப் படலை சிஸ்டர்" என்று ஆயா சொன்னால், அதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றும் அளவுக்கு மதிக்கிற வார்டுதான் இதில் எதையாவது கண்டுபிடிக்கும்.

தனியாகப் பேச வைப்பது எப்படி

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரை வைத்துக்கொண்டு எதையும் கேட்காதீர்கள். அவரை வெளியே போகச் சொல்லிச் சண்டையும் போடாதீர்கள். அவருக்குச் சந்தேகம் வந்தால் "வேற ஆஸ்பத்திரி பார்த்துக்கிறோம்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் ராத்திரி அங்கே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது.

மருத்துவமனைக்குள் இயல்பாகவே ஆள் பிரிகிற இடங்கள் இருக்கின்றன. எக்ஸ்ரே ரூமுக்குள் அட்டெண்டர் வரக்கூடாது என்பது கதிர்வீச்சு விதி, யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஸ்கேன், இ.சி.ஜி., டிரெஸ்ஸிங் ரூம், பெண்கள் வார்டு, சிறுநீர் சாம்பிள் கொடுக்கிற பாத்ரூம் எல்லாம் அப்படித்தான். அட்டெண்டரை பில்லிங் கவுண்டருக்கோ மருந்துக் கடைக்கோ அனுப்புவது அன்றாடம் நடப்பது. எல்லா நோயாளிகளையும் டிரெஸ்ஸிங் ரூமில் தனியாகத்தான் பார்ப்போம் என்று மருத்துவமனை முழுமைக்கும் ஒரே விதியாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது, யாரையும் குறிவைத்த மாதிரி இருக்காது.

உள்ளே வந்ததும் எடுத்த எடுப்பில் "உங்களை அடைச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். நூற்பாலைப் பெண் ஒருத்தி விரல் நசுங்கி வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப் போட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கலாம்: "என்ன பாப்பா, எந்த ஊரு? அம்மா அப்பாவை எப்பக் கடைசியாப் பார்த்தே? போன் வெச்சிருக்கியா, வார்டன் கிட்டத்தான் இருக்கா? தீபாவளிக்கு ஊருக்குப் போனியா? சம்பளம் உன் கணக்குல வருதா, ஏ.டி.எம். கார்டு யாரு வெச்சிருக்கா? வேலை பிடிக்கலைன்னா நாளைக்கே கிளம்பி வந்துடலாமா?" கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் கதவைப் பார்த்தால், அதையும் கவனியுங்கள்.

சூளையில் இருந்து வந்த பெரியவராக இருந்தால், "ஐயா, முன்பணம் எவ்வளவு வாங்கினீங்க? இப்ப எவ்வளவு பாக்கி இருக்குன்னு சொல்றாங்க? வருஷா வருஷம் குறையுதா, கூடுதா? சூளையில வீட்டு ஆளுங்க யார் யார் இருக்காங்க?" என்று கேட்கலாம். பாக்கி எவ்வளவு என்று அவருக்கே தெரியாது, கணக்கு நோட்டு மேஸ்திரியிடம் இருக்கிறது என்று பதில் வரும்போது நிலைமை பெரும்பாலும் விளங்கிவிடும்.

வடமாநிலத் தொழிலாளி என்றால் மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், அவசரத்துக்குக்கூட வேண்டாம். இந்தியோ ஒடியாவோ தெரிந்த நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஹவுஸ்கீப்பிங் ஆள் யாராவது நம் மருத்துவமனையிலேயே இருப்பார்கள். அவர்கள் பெயரையும் போன் எண்ணையும் ஷிஃப்ட் வாரியாக நர்சிங் ஸ்டேஷனில் எழுதி வையுங்கள்.

அவர் சொல்லத் தொடங்கியதும் வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள், "இன்னிக்கே வெளியே எடுத்துடுறோம்" என்று சொல்லிவிட்டு முடியாமல் போனால், இனி வாழ்நாளில் அவர் வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டார். "நீங்க சொல்றதை நம்புறேன், இதுக்குச் சட்டம் இருக்கு, உங்களைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டேன்" என்பது போதும். குழந்தையாக இருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொல்லக்கூடாது, ஏனென்றால் குழந்தை விஷயத்தில் தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

எழுதி வைப்பது

நம் பேனா எழுதுகிறதுதான் பின்னால் சாட்சி. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியிலும் கேஸ் ஷீட்டிலும் நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோளாக எழுதுங்கள். கூட வந்தவர் வேறு கதை சொன்னால் அதையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று குறிப்பிட்டு. எந்த மில், எந்தச் சூளை, என்ன மெஷின், எந்த நேரம் என்பது இருக்க வேண்டும். தொழிலாளி இழப்பீடு கேட்கிற நாளில், அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு நம் காகிதம் மட்டுமே ஆதாரமாக இருக்கிற கேஸ்கள் உண்டு. வேலையிடக் காயத்தை "வீட்டில் விழுந்தது" என்று எழுதச் சொல்லி முதலாளி கெஞ்சுவார், சில நேரம் நிர்வாகத்தில் தெரிந்தவரிடமிருந்து போனும் வரும். அப்படி எழுதிக் கொடுப்பது ஆவணத்தைப் பொய்யாக்குவது, அதற்கு மாற்றுப் பெயர் எதுவும் இல்லை.

அதே நேரம், "கொத்தடிமை என சந்தேகம்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். அந்தக் காகிதம் போகிற முதல் கை முதலாளியுடையது. உள் குறிப்பு தனியாக இருக்கட்டும், பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கட்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தாலும்.

யாரிடம் சொல்வது

18 வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக்குழுவும் பொறுப்பெடுத்துக்கொள்ளும். பாலியல் வன்முறை இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தகவல் கொடுப்பது கட்டாயம், கொடுக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் நமக்கே தண்டனை உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 397ஆம் பிரிவு, தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

பெரியவர்கள் என்றால் 1976 சட்டத்தின்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு, நடைமுறையில் வருவாய்க் கோட்டாட்சியர் வந்து விசாரிப்பார். கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார், கடன் சட்டப்படி அந்த இடத்திலேயே செல்லாததாகிவிடும். பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100, உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆள்கடத்தல் சாயல் இருந்தால் மாவட்டப் போலீஸின் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். ஆள்கடத்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 143ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல.

இதில் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் முன்னால் இருப்பவர் ஒருவர், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் தம்பி குடும்பமும் இன்னும் சூளையில் இருக்கிறார்கள். இவரை மட்டும் காப்பாற்றினால் அடி அவர்களுக்கு விழும், அல்லது ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுவார்கள். அதனால் தகவல் சொல்லும்போது உள்ளே எத்தனை பேர், எந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒரே நேரத்தில் எல்லாரையும் மீட்கத் திட்டமிட அதிகாரிகளுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை மருத்துவமனையால் கொடுக்க முடியும். இப்படி வருகிறவர்களில் பலருக்கு இன்னும் ஒரு நாள் கண்காணிப்பில் வைக்க உண்மையான மருத்துவக் காரணம் இருக்கும், டியூட்டி டாக்டரிடம் பேசுங்கள்.

18 வயது தாண்டியவர் "வேண்டாம் சிஸ்டர், விட்டுடுங்க" என்று சொன்னால் வற்புறுத்த முடியாது. சரி, அதோடு முடிந்துவிடவில்லை. மாத்திரை கவரின் பின்பக்கம் 181ஐயோ நம் சமூகப் பணியாளர் எண்ணையோ மருந்துச் சந்தேகத்துக்கு என்பது போல எழுதிக் கொடுக்கலாம். "ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கக் கண்டிப்பா வரணும், வரலைன்னா விரல் போயிடும்" என்று கூட வந்தவர் காதில் விழும்படி டாக்டர் சொல்லட்டும், அது உண்மையாகவும் இருக்கும். இரண்டாவது முறை வரும்போது பேசுகிறவர்கள் உண்டு.

பில்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் மருத்துவமனை இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டது இந்த இடத்தில்தான். முதலாளி கவுண்டரில் 18,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அன்று சாயங்காலமே அவருடைய நோட்டில் தொழிலாளி பெயரில் ஏறிவிடும், சில நேரம் 30,000 என்று ஏறும். நம் சிகிச்சையே அவருடைய அடிமைத்தனத்தை இன்னும் ஒரு சீசனுக்கு நீட்டிவிடுகிறது. அதனால் சந்தேகம் வந்த கேஸில் ரசீதின் நகலை நோயாளி கையிலும் கொடுங்கள், மொத்தத் தொகையை அவருக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று பாருங்கள். குடும்ப அட்டை முதலாளியிடம் இருக்கிறது என்றால் அதுவே பெரிய அறிகுறி. அரசு மருத்துவமனையில் இலவசமாக ஆகிற வேலை என்றால் நேர்மையாக அங்கே அனுப்புங்கள், கையோடு தகவலையும் அனுப்புங்கள். வேலையிடக் காயத்துக்கான செலவு முதலாளியின் பொறுப்பு, கடன் இல்லை, என்பதை நோயாளியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பில் கட்டவில்லை என்று நோயாளியை அனுப்ப மறுப்பதும், இறந்தவர் உடலைக் கொடுக்க மறுப்பதும் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்துக்கே எதிரானது. காசுக்காக ஆளைப் பிடித்து வைக்கிற நிறுவனத்துக்கு, வேறொருவர் அதையே செய்வது கண்ணில் படாது.

உடலையே எடுத்துக்கொள்ளும் இடங்கள்

மாற்று அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவமனைகளும் கருத்தரிப்பு மையங்களும் இந்தப் பகுதியைத் தவிர்க்காமல் படியுங்கள். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னியைத் தரகர்கள் வாங்கிக் கொடுத்தது வெளியே வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பல மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்தது தெரியவந்தது. இரண்டிலும் மேலோட்டமாகப் பார்த்தால் காகிதங்கள் ஒழுங்காகத்தான் தெரிந்தன. காகிதம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற பழக்கம்தான் தரகருக்கு வேண்டியது.

உறுப்புக் கொடுப்பவரைப் பெறுபவர் குடும்பம் இல்லாமல், கூட வந்த "அண்ணன்" இல்லாமல், தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். கடன் இருக்கிறதா, யாரிடம், வாரம் எவ்வளவு கட்டுகிறார், பெறுபவரை எத்தனை வருஷமாகத் தெரியும், அவர் வீட்டுக்குப் போனதுண்டா, அவர் பிள்ளைகள் பெயர் என்ன, அறுவைக்குப் பிறகு யார் வீட்டில் தங்கப் போகிறார். பாசத்தால் கொடுக்கிறேன் என்று சொல்கிறவருக்கு இவற்றில் பாதிக்காவது பதில் தெரிந்திருக்கும். உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 வருஷம் சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. கருமுட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்பது 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். ஆதாரில் இருக்கிற வயதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் முகத்தையும் பாருங்கள், சந்தேகம் இருந்தால் பள்ளிச் சான்றிதழ் கேளுங்கள்.

மனநல மையம், போதை மீட்பு மையம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. சமைக்க, கூட்ட, தோட்ட வேலை செய்ய நோயாளிகளைக் கட்டாயப்படுத்தக்கூடாது, அவர்கள் வேலை செய்தால் அதற்குரிய ஊதியம் கொடுக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது.

நம் வீட்டுக்குள்

செங்கல் சூளை ஆதாரைப் பிடித்து வைத்தால் அது குற்றம் என்று சொல்லித் தருகிற மருத்துவமனையின் பீரோவில், நர்ஸ்களின் ஒரிஜினல் சர்டிபிகேட் கட்டாக இருக்கிறது. இரண்டு வருஷ பாண்ட், நடுவில் போனால் லட்ச ரூபாய் கட்டு, இல்லையென்றால் சர்டிபிகேட் கிடையாது. இந்த வழக்கத்தை நிறுத்துங்கள். ஆள் நிற்பதில்லை, பயிற்சி கொடுத்ததும் வெளிநாடு போய்விடுகிறார்கள் என்கிற நிர்வாகத்தின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்குச் சம்பளமும் டியூட்டி நேரமும்தான் பதில். ஒரிஜினலைச் சரிபார்த்து, நகல் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஒப்பந்த ஊழியர்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், லாண்டரி. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான மருத்துவமனைதான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், "அது ஏஜென்சி விஷயம்" என்று கைகழுவ முடியாது. மாதம் ஒரு முறை, சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில், அவர்களுக்குப் பிடித்த யாராவது ஒரு நர்ஸ் உட்கார்ந்து பேசட்டும். ஏ.டி.எம். கார்டு யாரிடம், சேரும்போது ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்க்கச் சொன்னால் மறுக்க முடியுமா. சம்பளச் சீட்டில் 14,000 என்று இருந்து, கார்டை வைத்திருக்கிற ஏஜென்ட் 5,000 எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிற ஏற்பாடு ஆடிட்டில் தெரியாது, இப்படிப் பேசினால்தான் தெரியும்.

பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்பதை இரவு ஷிஃப்டிலும் கடைப்பிடியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 ஊழியருக்கு மட்டுமானது இல்லை, நோயாளியாக வந்த பெண்ணும் நம் உள்ளகக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். குழுவின் பெயர்ப் பட்டியலை ஊழியர்கள் நடமாடும் காரிடாரில் மட்டும் ஒட்டாமல் வார்டிலும் ஒட்டுங்கள்.

வாங்குகிற பொருள்

கட்டுத் துணி ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியிலிருந்து வருகிறது, பெட்ஷீட் கரூர், ஈரோட்டுத் தறிகளிலிருந்து, கையுறைகளில் கணிசமானவை மலேசியாவிலிருந்து. 2020 ஜூலையில் அங்குள்ள டாப் குளோவ் நிறுவனத்தின் துணை நிறுவனங்களுடைய கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நேபாளம், வங்கதேசத்திலிருந்து ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்த தொழிலாளர்கள் அந்தக் கடனில் சிக்கிக் கிடந்ததுதான் முக்கியக் காரணம். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது, அதற்குள் நிறுவனம் தொழிலாளர்களுக்கு அந்த ஏஜென்ட் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. வாங்குகிறவர் கேட்டால் மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2015 நவீன அடிமைத்தனச் சட்டப்படி ஆண்டு வருவாய் 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள், தாங்கள் வாங்கும் பொருள்களில் இப்படிப்பட்ட உழைப்பு கலக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று வருஷா வருஷம் அறிக்கை வெளியிட வேண்டும். நம்மிடம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் 100 படுக்கை மருத்துவமனையால் செய்யக்கூடியது இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் நாலு வரி சேர்க்கலாம்: முன்பணத்துக்கு ஆள் வைப்பதில்லை, 18 வயதுக்குக் கீழே ஆள் இல்லை, கூலி வங்கிக் கணக்கில், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்போம். பிறகு உண்மையிலேயே போய்ப் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தறிக்கூடமாவது. மற்ற எல்லாரையும் விட 20 சதவீதம் குறைவாகக் கொட்டேஷன் வந்தால், எப்படி முடிகிறது என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

மீட்ட பிறகு

மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மேல் மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான கேஸ்களில் 3 லட்சம். ஆனால் இந்தப் பெரிய தொகை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, வழக்கு நிற்பது நாம் எழுதிய காகிதத்திலும் நாம் சொல்கிற சாட்சியிலும். மருத்துவப் பதிவுகளை 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி, இந்த மாதிரிக் கேஸுக்கு அது போதாது. வழக்கு முடியும்வரை தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள், டியூட்டி டாக்டர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய நிரந்தர முகவரியையும் அதோடு எழுதி வையுங்கள். அவருக்கோ நர்ஸுக்கோ சம்மன் வந்தால் அந்த நாளை லீவாகக் கழிக்காமல் டியூட்டியாகப் போட்டு, பஸ் செலவையும் மருத்துவமனையே கொடுக்கட்டும்.